தலை ஆடினால் என்ன?

2003 ஏப்ரல் 13ஆம் தேதி லண்டன் மாரத்தானை பவுலா ராட்கிளிஃப் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி முடித்தார். பெண்கள் மாரத்தானில் அது உலக சாதனை. 2019 வரை, பதினாறு ஆண்டுகள், அதை யாராலும் அசைக்க முடியவில்லை. அவர் ஓடும் காணொளியை யார் எவர் என்று சொல்லாமல் ஓர் உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டிப் பாருங்கள். முதல் நிமிடத்திலேயே விசில் ஊதி நிறுத்தச் சொல்வார். அடிக்கு ஒரு தடவை தலை முன்னும் பின்னும் ஆடுகிறது, யாரோ கேட்கும் கேள்விக்கெல்லாம் ஆமாம் போடுவதைப்போல. மைல்கள் கூடக் கூட ஆட்டமும் கூடுகிறது.

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் இதற்கும் ஒரு படி மேல். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர். மாரத்தான் ஓடியது அவருக்கு அதுதான் முதல் தடவை. தோள்கள் முறுக்க, கழுத்து ஒரு பக்கம் கோண, முகத்தில் பல் பிடுங்கும் வேதனையோடு ஓடுவார். ஓடிக்கொண்டே சிரிக்கும் அளவுக்குத் தனக்குத் திறமை போதாது என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

ஆனால் ஓட்டப் பயிற்சி தருபவர்கள் எல்லோரும், எந்த நாட்டவராக இருந்தாலும், ஒரே பாடத்தைத்தான் சொல்கிறார்கள்: உடம்பைத் தளர விடு, தோளை இறக்கு, கையை முறுக்காதே, முகத்தைச் சுளிக்காதே. அப்படியானால் இந்த இருவரும் எப்படி ஜெயித்தார்கள்? பாடம் தப்பா? தப்பில்லை என்பது என் எண்ணம். தளர்வு எங்கே இருக்க வேண்டும், அதை எங்கே தேடிப் பார்க்க வேண்டும் என்பதில்தான் குழப்பம்.

பைக் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன் என்று அடுக்கிக்கொண்டே போவார். நம் ஆள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், “சரி, மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?” என்பார். நெடுந்தொலைவு ஓட்டத்தை ஆராயும் உடலியலாளர்களும் இந்த இரண்டையும்தான் கேட்கிறார்கள். எஞ்சின் எவ்வளவு பெரிது என்பது முதல் கேள்வி. முழுமூச்சாக ஓடும்போது உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது அதற்கான அளவு. உச்ச ஆக்சிஜன் நுகர்வு என்று அதைச் சொல்லலாம். இரண்டாவது மைலேஜ்: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஒரு கிலோமீட்டர் கடக்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது? இதற்கு ஓட்டச் சிக்கனம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எஞ்சினின் முழுத் திறனில் எத்தனை பங்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியும் என்று மூன்றாவது ஒரு கேள்வியும் உண்டு. அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

ஆக்சிஜனை ஏன் அளக்க வேண்டும்? உடலில் எரிவது மாவுப்பொருளும் கொழுப்பும்தான். ஆனால் அவை எரிந்ததற்குக் கணக்குச் சொல்வது ஆக்சிஜன். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவாகியிருந்தால் ஏறத்தாழ 5 கிலோகலோரி எரிந்திருக்கிறது என்று பொருள். 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஏ. வி. ஹில் என்ற உடலியலாளர் முதுகில் காற்றுப் பையைக் கட்டிக்கொண்டு புல்தரையில் சுற்றிச் சுற்றி ஓடினார். விடும் மூச்சைக் குழாய் வழியே பையில் பிடித்து, அதில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளந்தார். இன்று காற்றுப் பைக்குப் பதில் முகமூடி, புல்தரைக்குப் பதில் டிரெட்மில். மூச்சு வாங்காத ஒரே சீரான வேகத்தில் சில நிமிடம் ஓடவிட்டால் கணினித் திரையில் எண் வந்து நின்றுவிடும். பழகிய ஓட்டக்காரர் ஒருவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட 12 லிட்டர் ஆக்சிஜன்.

இந்த மைலேஜ் எவ்வளவு தூரம் முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை 1980இல் கான்லி, கிராகன்பூல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற 12 ஓட்டக்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் எஞ்சின் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் 10 கிலோமீட்டர் போட்டியில் ஒருவருக்கொருவர் நேரம் வேறுபட்டது. அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 65 விழுக்காட்டை ஓட்டச் சிக்கனம் ஒன்றே விளக்கிவிட்டது.

இப்போது ராட்கிளிஃபிடம் வருவோம். ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் அவரை 1992இலிருந்து 2003 வரை தொடர்ந்து அளந்து வந்தார். உச்ச ஆக்சிஜன் நுகர்வு இந்தப் பதினோரு ஆண்டுகளில் பெரிதாக மாறவே இல்லை. 18, 19 வயதிலேயே அது உச்சத்துக்கு வந்துவிட்டிருந்தது. மாறியது சிக்கனம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில், எடை கிலோவுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 205 மில்லிலிட்டர் குடித்துக்கொண்டிருந்த உடல், 2003இல் 175 மில்லிலிட்டரில் அதே வேலையை முடித்தது. அவர் எடை சுமார் 54 கிலோ. பெருக்கிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் மிச்சம். முழு மாரத்தானுக்கு 68 லிட்டர் அளவுக்கு வரும். தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆடும் தலையோடு, உலகத்தில் அளக்கப்பட்ட மிகச் சிக்கனமான ஓட்டங்களில் ஒன்றை அவர் ஓடினார்.

அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கீழே குனிய வேண்டும், காலடிக்கு.

மாரத்தான் ஓட்டக்காரரின் பாதம் தரையில் இருப்பது ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நொடி. அதற்குள் எவ்வளவோ நடந்து முடிகிறது. பாதம் ஊன்றியதும் உடலின் எடை மொத்தமும் அதன்மேல் இறங்குகிறது. கணுக்கால் மடங்கி, கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கும் தடித்த நாண் இழுபடுகிறது. தசையை எலும்போடு கட்டும் இந்த நாரைத் தசைநாண் என்பார்கள். இது உடம்பிலேயே மிகத் தடித்த தசைநாண். மேற்கத்திய மருத்துவத்தில் அக்கிலிஸ் நாண் என்று பெயர். இழுபட்ட நாண் அடுத்த கணம் சுருங்கித் திரும்பும்போது வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்து உடலை மேலே எறிகிறது. 1987இல் மெக்நீல் அலெக்ஸாண்டர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் இதை அளந்து சொன்னார்கள். 70 கிலோ மனிதர் நடுத்தர வேகத்தில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் இழந்து திரும்பப் பெறும் ஆற்றல் சுமார் 100 ஜூல். அதில் 35 ஜூலை இந்த நாணும், 17 ஜூலைப் பாதத்தின் வளைவும் தேக்கிவைத்துக்கொள்கின்றன. அதாவது ஏறக்குறைய பாதி ஆற்றல் மிகக் குறைந்த செலவில் திரும்பி வருகிறது.

ஆனால் நாண் இழுபட வேண்டுமானால் அதன் மேல்முனையைக் கெண்டைக்கால் தசை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தசை அந்த நொடியில் தளர்ந்தால் நாண் நீளாது, தசைதான் நீளும், ஆற்றல் வெப்பமாகிப் போகும். “உடம்பை மொத்தமாகத் தளர விடு” என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குக் காரணம் இது. விறைப்பும் உதவக்கூடும்: ராட்கிளிஃபை அளந்த அதே ஜோன்ஸ் 34 சர்வதேசத் தர ஓட்டக்காரர்களை உட்கார்ந்து குனிந்து கால்விரலைத் தொடச் சொல்லி அளந்தபோது, வளைய முடியாதவர்கள்தான் அதிகச் சிக்கனமாக ஓடுபவர்களாக இருந்தார்கள். முதுகு வளையாத என் போன்றவர்களுக்கு ஆறுதலான செய்தி, என்றாலும் அதை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது.

அப்படியானால் எது தளர வேண்டும்? எதிர்த்தசை. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் ஒவ்வொரு மூட்டிலும் மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று எதிரெதிரே தசைகள் உண்டு. முழங்கையை மடித்துக்கொண்டு மேல்கையின் முன்பக்கத் தசையையும் பின்பக்கத் தசையையும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு இறுக்கிப் பாருங்கள். கை ஓர் அங்குலம் அசையாது. அரை நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும். வேலை ஒன்றும் நடக்கவில்லை, எரிபொருள் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. இதை இணைச்சுருக்கம் என்று சொல்லலாம். பிரேக் கட்டை சக்கரத்தில் உரசிக்கொண்டே ஓடும் பைக்குக்கு நேர்வது இதுதான்: வண்டி ஓடும், மைலேஜ் போய்விடும். மெக்கானிக் வண்டியை ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக் காது கொடுப்பாரே, அந்தச் சின்ன உரசலுக்குத்தான்.

ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசையை அடக்கிவைக்கும் ஏற்பாடு முதுகுத்தண்டிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் நரம்பியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன் விலங்குகளில் செய்த சோதனைகளில் இதை விளக்கினார். 1932இல் நோபல் பரிசும் பெற்றார். இந்த ஏற்பாட்டின் மேல் மூளை தன் அதிகாரத்தைச் செலுத்த முடியும். புதிதாக ஒன்றைப் பழகுகிறோம், பயப்படுகிறோம், களைத்துப் போகிறோம் என்றால் மூளை இரு பக்கத் தசைகளையும் சேர்த்தே இறுக்கிவைக்கும், மூட்டு நிலைகுலையாமல் இருக்கட்டும் என்று. முதல்நாள் சைக்கிள் ஓட்டியவரின் முன்கைகளை நினைத்துப் பாருங்கள். ஓட்டக்காரர்களின் தொடையில் தோலுக்கு மேல் மின்முனைகளை ஒட்டி, தசைகளின் மின்துடிப்பைப் பதிவுசெய்து பார்த்திருக்கிறார்கள். முன்தொடையும் பின்தொடையும் ஒன்றாகத் துடிக்கும் நேரம் கூடக் கூட ஆக்சிஜன் செலவும் கூடுகிறது. பாதம் ஊன்றும் தருணத்தில் கொஞ்சம் இணைச்சுருக்கம் வேண்டும்தான், இல்லாவிட்டால் முழங்கால் தாங்காது. நல்ல ஓட்டக்காரரிடம் அது சரியான நேரத்தில் வந்து, உடனே விலகிவிடுகிறது.

ஓட்டத்தில் தளர்வு என்பதன் பொருள் இதுதான். வேலை செய்யாத தசை உடனுக்குடன் அணைந்துவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் இதில் பாதிகூடக் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரிவதில் எது முக்கியம் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2017இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஃபாலண்ட் குழுவினர் 97 ஓட்டக்காரர்களின் அசைவுகளைக் கேமராக்களில் பதிவுசெய்து, சிக்கனத்தோடு ஒப்பிட்டார்கள். சிக்கனத்தில் ஒருவருக்கொருவர் இருந்த வேறுபாட்டில் 39 விழுக்காட்டை மூன்றே அளவுகள் விளக்கின. ஓடும்போது இடுப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது, பாதம் தரையில் இருக்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, ஊன்றும் நொடியில் இடுப்பின் முன்வேகம் எவ்வளவு குறைகிறது. மூன்றும் இடுப்பும் அதற்குக் கீழும். தலை பட்டியலிலேயே இல்லை. சாட்டோபெக்கின் காலத்திலேயே கூர்ந்து பார்த்தவர்கள், இடுப்புக்கு மேலே பார்க்காதே, கீழே பார் என்று சொல்லியிருந்தார்கள்.

முன்பாதத்தில் இறங்குவதா, குதிகாலில் இறங்குவதா என்ற பெரிய சண்டையை ஒரு வரியில் கடந்துவிடலாம்: ஜப்பானில் சப்போரோ அரை மாரத்தானின் 15ஆவது கிலோமீட்டரில் 283 தேர்ந்த ஓட்டக்காரர்களைப் படமெடுத்துப் பார்த்தபோது நால்வரில் மூவர் குதிகாலில்தான் இறங்கினார்கள்.

கைகளின் கதை வேறு. கால் ஒரு பக்கம் வீசும்போது உடல் திருகிக்கொள்ளப் பார்க்கும்; எதிர்க்கை வீசி அதைச் சமன்செய்கிறது. கை வீசவும் சக்தி செலவாகும் அல்லவா, வீசாமல் ஓடினால் மிச்சமாகாதா? கொலராடோ பல்கலைக்கழகத்தில் அரெயானோ, கிராம் இருவரும் 2014இல் இதைச் சோதித்தார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடியபோது ஆற்றல் செலவு 3 விழுக்காடு கூடியது. மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டபோது 9. தலைமேல் வைத்துக்கொண்டபோது 13. வீசுவதற்கு ஆகும் செலவைவிட வீசாமல் இருப்பதன் செலவு பெரிது. கார்பன் தகடு பதித்த அதிநவீன ஓட்டக் காலணிகள் மிச்சப்படுத்துவது சுமார் 4 விழுக்காடு என்பதை வைத்துப் பார்த்தால், தோளை இறுக்கிக் கையை மார்போடு ஒட்டிவைத்து ஓடுபவர் வாங்கிய காலணியின் பலனை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார் என்றே சொல்ல வேண்டும். களைப்பு வரும்போது தோள்கள் காதை நோக்கி ஏறுவதைப் பயிற்சியாளர்கள் விடாமல் கவனிப்பது இதனால்தான். தோள் ஏறினால் கை வீச்சு சுருங்கும்.

முகம்? இங்கேதான் ஆய்வுகள் கொஞ்சம் வேடிக்கையாகின்றன. புருவத்தை நெரிக்கும் தசையில் மின்முனை ஒட்டிப் பார்த்தால், சிரமம் கூடக் கூட அதன் துடிப்பும் கூடுகிறது. காலால் எடை தள்ளும்போதுகூட. முகம் உழைப்பின் அளவுகோல் என்பது இதில் தெரிந்தது. திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? வலிய முகத்தைச் சிரிக்கவைத்தால் உழைப்பு குறையுமா? கென்யாவின் எலியுட் கிப்சோகே போட்டியின் கடைசி மைல்களில், வலி கூடும் இடத்தில், பல் தெரியச் சிரிப்பார். தன்னைத் தளர்த்திக்கொள்ளவே அப்படிச் செய்வதாக அவரே சொல்லியிருக்கிறார். 2019இல் வியன்னாவில் இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தான் தூரத்தைக் கடந்த முதல் மனிதர் அவர், நேரம் 1:59:40. வேகத்துணை ஓட்டக்காரர்கள் சூழ ஏற்பாடு செய்த ஓட்டம் என்பதால் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை.

2018இல் வட அயர்லாந்தின் நோயல் பிரிக் குழுவினர் 24 ஓட்டக்காரர்களைச் சிரித்தபடி, முகம் சுளித்தபடி, கைகளையும் மேலுடலையும் தளர்த்த நினைத்தபடி, வழக்கமாக ஓடுவதுபோல் என்று நான்கு விதமாக ஓடவிட்டார்கள். சிரித்து ஓடியபோது ஆக்சிஜன் செலவு வழக்கத்தைவிட 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைந்தது. முகம் சுளித்தபோது அதே வேகம் அதிகச் சிரமமாகத் தோன்றியது. கைகளைத் தளர்த்த நினைத்ததால் ஆக்சிஜன் கணக்கில் சொல்லும்படி மாற்றம் இல்லை. 24 பேர், ஒரே ஆய்வு, சில நிமிட ஓட்டங்கள். இதை வைத்து ஊருக்கெல்லாம் சிரிக்கச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் காசு செலவில்லாத மருந்து, பக்கவிளைவும் இல்லை. சாப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

கைகளைத் தளர்த்த நினைத்தும் பலன் ஏன் தெரியவில்லை? ஒரு பதில் ஜெர்மனியிலிருந்து வருகிறது. முன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஷூக்கர் குழுவினர் 2009இல் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களிடம் ஒரு முறை மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள், ஒரு முறை கால் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், ஒரு முறை எதிரே திரையில் ஓடும் வழியை வேடிக்கை பார்க்கச் சொன்னார்கள். வேடிக்கை பார்த்தபோதுதான் ஆக்சிஜன் செலவு குறைவு. மூச்சைக் கவனித்தபோது மிக அதிகம். தானாக நடந்துகொண்டிருக்கும் வேலையில் மூளை மூக்கை நுழைத்தால் வேலை கெடுகிறது.

பாணியையே அடியோடு மாற்ற முயன்றவர்களின் அனுபவமும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் டிரையத்லான் வீரர்கள் சிலருக்குப் போஸ் முறை என்ற ஓட்டப் பாணியை 12 வாரம் கற்றுக்கொடுத்தார்கள். அடி குறுகியது, உடலின் ஏற்ற இறக்கம் குறைந்தது. பார்த்தவர்கள் அழகாகிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஆக்சிஜன் செலவு கூடியிருந்தது. ஏற்ற இறக்கம் குறைவாக இருப்பது நல்லது என்று 97 பேரில் கண்டோம். அதையே கட்டளையிட்டு வரவழைத்தால் வேறு எங்கோ தசைகள் இறுகி வட்டியும் முதலுமாக வாங்கிவிடுகின்றன.

கட்டளை இல்லாமலும் உடல் கற்றுக்கொள்கிறது. பழகிய ஓட்டக்காரர்கள் தாமாகத் தேர்ந்துகொள்ளும் அடி நீளம் ஆக்சிஜன் செலவு மிகக் குறைவான நீளத்துக்கு மிக அருகில் இருப்பதைக் கவானா, வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1982லேயே கண்டார்கள். புதிதாக ஓடத் தொடங்கிய பெண்களை எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் இசபெல் மூர் குழு 10 வாரம் கழித்து அளந்தபோது சிக்கனம் 8 விழுக்காட்டுக்கு மேல் முன்னேறியிருந்தது. பாணி பற்றி யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. பாதம் தரையை விட்டுக் கிளம்பும்போது முழங்கால் முன்பைவிடக் குறைவாக நீண்டது. அவர்களுக்கே தெரியாமல் நடந்த திருத்தம் அது.

இதையெல்லாம் படித்தபின் ஓடுபவர் செய்யக்கூடியது என்ன? ஓடும்போது முழுநேரமும் உடம்பை மேற்பார்வை பார்க்க வேண்டாம். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் எழுதிய முறை ஒன்று இன்றும் கைகொடுக்கும். இறுக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்குத் தளர்வும் தெரியாது என்பது அதன் அடிப்படை. எனவே முதலில் வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விடுவது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு முறை முஷ்டியை ஐந்தாறு அடிக்கு இறுக்கிவிட்டு விரல்களை உதறுங்கள், தோளைக் காதுவரை தூக்கிவிட்டு விடுங்கள். பிறகு சாலையை வேடிக்கை பாருங்கள்.

இன்னொன்று, வேகத்தில் தளர்வைப் பழகுவது. சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தில் டாமி ஸ்மித் முதலிய குறுந்தொலைவு வீரர்களை உருவாக்கிய பட் வின்டர், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சி விமானிகளுக்குத் தளர்வு கற்பித்தவர். தாடையும் கையும் தொங்கட்டும் என்பது அவருடைய ஓயாத பாட்டு. அதையே நெடுந்தொலைவுப் பயிற்சியாளர்கள் ஸ்டிரைட்ஸ் என்ற பெயரில் செய்யவைக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள், லேசான ஓட்டம் முடிந்ததும், 100 மீட்டர் தூரத்தை நான்கைந்து முறை ஓடுவது. முதல் 30 மீட்டரில் வேகம் மெல்ல ஏற வேண்டும், நடுவில் முழு வேகத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும், கடைசியில் பிரேக் போடாமல் தானாக இறங்க வேண்டும். இடையிடையே மூச்சு முழுதாகத் திரும்பும்வரை நடக்கலாம், அவசரமில்லை. நடுப்பகுதியில் தாடை இறுகினால் வேகத்தை ஒரு படி குறைத்து, இறுகாமல் ஓட முடிகிற வேகம் எதுவோ அதில் மறுபடி ஓட வேண்டும். சில வாரங்களில் அந்த வேகம் ஏறத் தொடங்கும்.